கையெழுத்து இல்லாத நாற்காலி

கேள்வி: எனக்கு 39 வயது. எம்.காம். படித்திருக்கிறேன். திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை 2021-ஆம் ஆண்டிலிருந்து நான் கவனித்து வருகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணனால் வர முடியவில்லை. "கொஞ்ச நாள் பார்த்துக்கொள்" என்று சொல்லி என்னை உட்கார வைத்தார்கள். 120 பேர் வேலை செய்கிறார்கள். 2022-இல் நூலை முன்கூட்டியே வாங்காமல் ஆர்டரை ஒப்புக்கொண்டு பெரிய நஷ்டம் ஏற்படுத்திவிட்டேன். அதன் பிறகு புதிதாக இரண்டு பையர்களை (எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்குபவர்களை) கொண்டு வந்திருக்கிறேன். வங்கிக் கடனும் குறைந்திருக்கிறது. ஆனாலும் "பெரியவர் பேருக்குக் கிடைத்த ஆர்டர்" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எதற்கெடுத்தாலும் "பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா" என்கிறார் மேனேஜர். பையர் பேரம் பேசும் முன்பே விலையை நானே குறைத்துச் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் வியாபாரி ஒருவர் ஆறு மாதமாகப் பணம் தரவில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இரவில் தூக்கமில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது என்றாவது ஒரு நாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறேன். இந்த நாற்காலிக்கு நான் தகுதியானவள்தானா? தன்னம்பிக்கையை வளர்க்க என்ன பயிற்சி செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பயம், கூச்சம், நஷ்டம், தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் மனம் திறந்து எழுதியிருக்கும் நீங்கள், கம்பெனியின் காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதை மட்டும் எழுதவில்லை. வங்கிக் கணக்கை இயக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, நீங்கள் பங்குதாரரா அல்லது மாதச் சம்பளம் வாங்கும் மகளா, சம்பளமாவது வாங்குகிறீர்களா என்ற விவரங்களும் கடிதத்தில் இல்லை. குடும்பத் தொழிலில் பொறுப்புக்கு வந்த பெண்களுக்கு உளவியல் ஆலோசனை சொல்லிவரும் நான், என்னிடம் வருபவரிடம் முதலில் கேட்பது, "யாரையும் கேட்காமல் நீங்களாகவே எத்தனை ரூபாய் வரை முடிவெடுக்கலாம்?" என்ற கேள்வியைத்தான். பயத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்விக்குப் பதில் வர நேரமானால், அவருடைய பயத்தில் பாதி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிந்துவிடும்.

உங்கள் மனத்தில் இருப்பது இரண்டு வெவ்வேறு சந்தேகங்கள் கலந்த கலவை என்று நினைக்கிறேன். அவற்றில் ஒன்று, உண்மை நிலையைச் சரியாகவே கணித்துச் சொல்லும் சந்தேகம். பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டது. அதிகாரம் இன்னும் வரவில்லை. "கொஞ்ச நாள் பார்த்துக்கொள்" என்ற சொல்லுக்கு முடிவுத் தேதி கிடையாது, தொடக்க விழாவும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் "தற்காலிகமாக" உட்கார்ந்திருப்பவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், கால் ஊன்றி நிற்க முடியாது. மற்றது, சிறுவயதிலிருந்து உங்களோடு வளர்ந்து வந்திருக்கும் சந்தேகம். முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதுக்கு மட்டும் பயிற்சி சொன்னால், வீட்டின் ஏற்பாட்டில் உள்ள குறையை உங்கள் மனத்தின் குறை என்று நானே முத்திரை குத்தியதாகிவிடும். அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

கோவையில் வார்ப்படப் பட்டறை ஒன்றைப் பொறுப்பேற்ற பெண் என்னிடம் வந்திருந்தார். அவருடைய அறைக்கு ஒருமுறை போனேன். மேசைக்குப் பின்னால் அப்பாவின் நாற்காலி, முதுகில் மடித்துப் போட்ட வெள்ளைத் துண்டோடு காலியாக இருந்தது. மகள், பார்வையாளர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்து மடியில் கணினியை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் ஒருவர் வந்து, உருக்கிய இரும்பின் பதம் பற்றிக் கேட்டார். கேள்வி மகளிடம்தான், ஆனால் பதிலை வாங்கிக்கொள்ளும்போது ஃபோர்மேனின் கண் அந்தக் காலி நாற்காலியின் பக்கமே இருந்தது. பதினான்கு மாதம் இப்படியே நடந்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டபோது, "நான் எப்பம்மா உன்னை உட்கார வேண்டாம்னு சொன்னேன்?" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். யாரும் தடுக்கவில்லை என்பது உண்மை. யாரும் உட்காரச் சொல்லவில்லை என்பதும் உண்மை. அந்தத் துண்டை அவர் கையாலேயே எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான், அந்தப் பெண்ணோடு நான் செய்துவந்த மற்ற வேலைகளுக்குப் பலன் கிடைத்தது.

ஆகவே முதலில் காகிதங்களைப் பாருங்கள். கம்பெனி அப்பாவின் பெயரில் தனிநபர் நிறுவனமாக இருந்தால், சட்டத்தின் பார்வையில் அப்பாவும் கம்பெனியும் ஒன்றே. ஜிஎஸ்டி பதிவு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், வங்கிக் கணக்கு அனைத்தும் அவருடைய பான் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும், நீங்கள் அவருக்கு உதவி செய்யும் மகள் மட்டுமே. அவர் உங்களுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால்கூட அது அவருடைய காலம் வரைதான் செல்லும். கூட்டு நிறுவனமாக இருந்தால், ஒப்பந்தப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, எத்தனை சதவீதம், வங்கியில் தனியாகக் கையெழுத்திடலாமா அல்லது இன்னொருவரும் சேர்ந்து இட வேண்டுமா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். பங்கு எதுவும் எழுதாமல், வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் மகளிடம் வாங்கியிருக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால், நஷ்டத்துக்கு மட்டும் நீங்கள் முழுப் பங்குதாரர்.

"பெண்ணுக்குத்தான் சமபங்கு வந்துவிட்டதே" என்று உறவினர்கள் சொல்லக்கூடும். தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை கிடைத்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை விளக்கி உறுதிசெய்தது. ஆனால் அப்பா தன் சம்பாத்தியத்தில் உருவாக்கிய தொழிலுக்கு அது பொருந்தாது. அதை அவர் விரும்பியவருக்கு எழுதலாம். உங்கள் கம்பெனியைத் தொடங்கியவர் அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே அவர் தெளிவாகப் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, அண்ணனையும் வைத்துக்கொண்டு, ஆடிட்டர் முன்னிலையில் பேசி எழுதிக்கொள்வதுதான் மூவருக்கும் நல்லது. இதைப் பேராசை என்று நினைத்துக் குறுகிப்போகாதீர்கள். 120 குடும்பங்களின் சனிக்கிழமைச் சம்பளம் யாருடைய கையெழுத்தில் போகிறது என்பது தெளிவாக இருப்பது, அந்தக் குடும்பங்களுக்கும் தேவை.

பெயர் இருந்தும் அதிகாரம் இல்லாத நிலை பெரிய கம்பெனிகளிலும் உண்டு. 2013 கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. ஆனால் அதோடு நிற்காமல், 2019 ஏப்ரலிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 500 இடங்களில் உள்ள கம்பெனிகளுக்கும் 2020 ஏப்ரலிலிருந்து முதல் 1000 இடங்களில் உள்ள கம்பெனிகளுக்கும், அந்தப் பெண்களில் ஒருவராவது நிர்வாகக் குடும்பத்தைச் சாராத சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி தனியாக விதி செய்ய வேண்டியிருந்தது. சென்னையின் முருகப்பா குழுமத்தில், அணுசக்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற வள்ளி அருணாசலம், தந்தை இறந்தபின் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்தில் இயக்குநர் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் பங்குதாரர்களின் வாக்கெடுப்பில் அந்தக் கோரிக்கை தோற்றது. 2023-இல்தான் குடும்பத்துக்குள் உடன்பாடு ஏற்பட்டது. அந்த விவகாரத்தில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று எடைபோடும் இடத்தில் நான் இல்லை. படிப்பும் தன்னம்பிக்கையும் நிறைந்த பெண்ணுக்கும், நாற்காலி என்பது வாக்கும் கையெழுத்தும் சேர்ந்த விஷயம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்களை அவமதிப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவர் தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறார், நாளைக்குப் பெரியவர் திரும்பி வந்து "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அப்பாவால் கம்பெனிக்கு வர முடியுமானால் ஒருநாள் அழைத்து வந்து, மேனேஜர், கட்டிங் மாஸ்டர், அக்கவுண்டன்ட் மூவரையும் உட்கார வைத்து, "இனிமேல் மகள் சொல்வதுதான் முடிவு, என்னிடம் வர வேண்டாம்" என்று அவர் வாயால் சொல்லச் செய்யுங்கள். வர முடியாவிட்டால் அவர்களை வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அதற்குப் பிறகும் மேனேஜர் பழைய பாட்டையே பாடினால், "பெரியவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் இதைச் செய்யுங்கள்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் விவாதமாகிவிடும்.

கொங்குப் பகுதிக் கம்பெனிகளில் முதலாளியின் மகளை, சிறுவயதில் தூக்கி வளர்த்த பழைய ஆட்கள் ஐம்பது வயதிலும் "பாப்பா" என்றும் "அம்மிணி" என்றும்தான் கூப்பிடுவார்கள். உங்களையும் அப்படிக் கூப்பிட்டால், அந்த அன்பைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் பையர் வரும் நாளில் மட்டும் மேடம் என்று அழைக்கும்படி தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர் முன்னால் "பாப்பா வருது, பேசிக்கோங்க" என்று அறிமுகமானால், காஸ்டிங் (பீஸுக்கான விலைக்கணக்கு) பேசும்போது அதன் விலையை நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும்.

இனி இரண்டாவது சந்தேகம். "எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒருநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே சொற்களை, 1978-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு பெண் உளவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். படிப்பிலும் வேலையிலும் உயர்ந்த இடத்தில் இருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிப் பேசிப் பார்த்தபோது, வெற்றிக்கான ஆதாரங்கள் கண்முன்னே இருந்தும், அவர்கள் தங்களைப் போலியாக நினைத்து, வெற்றியை அதிர்ஷ்டத்தின் கணக்கிலோ பிறர் தயவின் கணக்கிலோ எழுதிவந்தார்கள். இது நோய் அல்ல. பிற்கால ஆய்வுகளில் ஆண்களிடமும் இந்த மனநிலை காணப்பட்டது. உங்களுக்காக நான் அந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துச் சொல்ல விரும்புவது வேறொரு செய்தி. இந்தப் பெண்களில் ஒரு பகுதியினரின் வீட்டில், கூடப்பிறந்த ஒருவரோ நெருங்கிய உறவினர் ஒருவரோ "அறிவாளி" என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தார்; இந்தப் பெண்ணுக்கோ, "எல்லாரோடும் அனுசரித்துப் போகும் குழந்தை" என்ற இடம் தரப்பட்டிருந்தது. பிறகு அவள் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் வீட்டுக்கதை மாறவில்லை. கடைசியில் அவளே அந்தக் கதையை நம்பினாள். உங்கள் கடிதத்தில் அண்ணனைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது. ஆனால் "அவன் படிப்பாளி, இவள் பொறுப்பானவள்" என்று உங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டதுண்டா என்று நினைத்துப் பாருங்கள். புதிய பையர்கள் இருவரை நீங்களே தேடிப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டு, "பெரியவர் பேருக்குக் கிடைத்தது" என்று நீங்களே சொல்வது அந்தப் பழைய கதையின் தொடர்ச்சியாக எனக்குத் தோன்றுகிறது.

2022 நஷ்டத்தைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதிலும் அதன் நிழல் இருக்கிறது. அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நூல் விலை மாதத்துக்கு மாதம் ஏறியதைக் கண்டித்து 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் திருப்பூரே கதவடைத்தது. பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு 2022 ஏப்ரலில் தற்காலிகமாக நீக்க வேண்டியிருந்தது. தொழிலில் முப்பது ஆண்டு பழகியவர்களும் பழைய விலையில் ஒப்புக்கொண்ட ஆர்டர்களை நஷ்டத்துக்கு முடித்துக் கொடுத்த காலம் அது. அந்தப் பட்டியலில் இருக்கும் ஆண்களில் எத்தனை பேர், "நான் இந்த நாற்காலிக்குத் தகுதியானவன்தானா?" என்று எங்களைப் போன்றவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள் என்று நினைக்கிறீர்கள்? "நேரம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆர்டருக்குப் போனவர்களே அதிகம். அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. அவர்கள் தவறவிட்டதும் ஒன்று உண்டு. நஷ்டத்தைத் தன் பிறவிக்குறையாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தது கற்றுக்கொள்ள வேண்டியது. நேரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, தன் முடிவில் எது பிழை என்று பார்க்காமல் போனது அவர்கள் தவறவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டும்: விலை சொல்லும்போது, "இந்த விலை ஏழு நாளுக்கு மட்டும்" என்று எழுதினீர்களா? ஆர்டர் உறுதியான அன்றே நூலுக்கு ஒப்பந்தம் போட முடியாதபடி கையில் பணம் இல்லாமல் இருந்ததா, அல்லது விலை இறங்கும் என்று காத்திருந்தீர்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால், அந்த நஷ்டம் கம்பெனிக்கு ஒரு விதியாக மாறும். பதில் தேடாதவரை அது உங்கள் மேல் சுமத்தப்பட்ட தீர்ப்பாகவே இருந்துகொண்டிருக்கும்.

அப்பாவோடு ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து, அவருடைய நஷ்டங்களைப் பற்றிக் கேளுங்கள். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றின் மாசுபாட்டுக்காகச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, துணியைச் சாயமேற்ற இடமில்லாமல் திருப்பூர் திணறியதே, அப்போது அவர் என்ன செய்தார், இரவில் தூங்கினாரா என்று கேளுங்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் அவர் அடகு வைத்த நகைக்கதைகள் வெளிவந்தாலும் வியப்பில்லை. நீங்கள் இத்தனை காலமும் உங்கள் மனத்துக்குள் இருக்கும் நடுக்கத்தை, அப்பாவின் வெளித்தோற்றத்தோடு ஒப்பிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த ஒப்பீட்டில் யாரும் ஜெயிக்க முடியாது. பேச்சு அவருக்குத் தடுமாறினால் அவசரப்படுத்தாதீர்கள். பக்கவாதம் வந்த மனிதரிடம் தொழிலைப் பற்றி யாராவது ஆசையோடு கேட்பதே அவருக்கும் மருந்து.

நீங்கள் கேட்ட பயிற்சியைப் பற்றி இப்போது சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை 1977-இல் வகுத்துக் காட்டினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் கண்ணால் பார்த்தல், நம்பத் தகுந்தவரின் ஊக்கச் சொல், உடலின் நிலை ஆகிய நான்கில், முதலாவதுதான் மிக வலுவானது என்பது அவருடைய முடிவு. கண்ணாடி முன் நின்று "நான் தைரியசாலி" என்று தினமும் பத்து முறை சொல்லும் பயிற்சியை நான் யாருக்கும் சொல்வதில்லை. நம்பாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உள்ளிருக்கும் குரல் மறுபேச்சுப் பேசத்தான் செய்யும். உங்களிடம் செய்து முடித்த அனுபவம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அது கணக்கில் ஏறவில்லை என்பதே சிக்கல். எனவே நோட்டு ஒன்று வாங்குங்கள். பெரிய முடிவு எடுக்கும் ஒவ்வொரு முறையும், முடிவெடுக்கும் அன்றே, தேதி போட்டு நான்கு வரி எழுதுங்கள்: இன்று எனக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, எதைத் தேர்ந்தேன், ஏன். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தின் அடியில் நடந்ததை எழுதுங்கள். நல்ல முடிவு சில சமயம் நஷ்டத்தில் முடியும். அவசர முடிவு சில சமயம் லாபம் தரும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு, வெற்றியை அப்பாவின் பெயரிலும் தோல்வியைத் தன் பெயரிலும் எழுதும் பழக்கம் தானாகக் குறையும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து.

உண்மையிலேயே தெரியாத விஷயங்கள் சில இருக்கும். அவற்றைத் தன்மதிப்போடு குழப்பிக்கொள்ளாமல் கற்றுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கூடினால் பீஸுக்கு எத்தனை கிராம் துணி கூடுகிறது, கட்டிங்கில் வேஸ்ட் எத்தனை சதவீதம் போகிறது, சுருக்கம் எங்கே பிடிபடுகிறது என்பதையெல்லாம் பதினைந்து நாள் காலை நேரத்தைக் கட்டிங் மேசையருகே செலவிட்டால் கற்றுக்கொள்ளலாம். கூட்டத்தில் "எனக்கு அவ்வளவாகத் தெரியாது, இருந்தாலும்" என்று பேச்சைத் தொடங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தெரியாதபோது "நாளை பதினொரு மணிக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி சொல்லுங்கள்.

விலையைக் குறைத்துச் சொல்லும் பழக்கத்துக்கு, கணக்கே நல்ல மருந்து. வட்டக் கழுத்து டி-ஷர்ட் ஒன்றுக்கு 185 ரூபாய் என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்கும் அந்த ஐந்து விநாடியைத் தாங்க முடியாமல், "177-க்குக்கூடப் பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 20,000 பீஸ் ஆர்டரில் அந்த எட்டு ரூபாய், 1,60,000 ரூபாய். யாரும் கேட்காமல், வாய் திறந்த நேரத்தில் போன பணம் அது. பேசப் போகும் முன் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கேட்கப் போகும் விலை, இறங்கி வரக்கூடிய விலை, அதற்குக் கீழே போனால் ஆர்டர் வேண்டாம் என்று எழுந்துவிடும் விலை. முதல் எண்ணைச் சொன்னதும் பேனாவை மூடி மேசைமேல் வையுங்கள். அடுத்த வார்த்தை அவருடையதாக இருக்கட்டும். அவர் குறைக்கச் சொன்னால், குறைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏதாவது ஒன்றைப் பதிலுக்குக் கேளுங்கள். 90 நாள் தவணை 60 நாளாகட்டும், அல்லது எண்ணிக்கை கூடட்டும். முதல் இரண்டு முறை உள்ளங்கை வியர்க்கும். மூன்றாவது முறையும் வியர்க்கலாம்; அதோடு பேசுங்கள், அது போன பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

நிலுவைப் பணத்தைக் கேட்பதில் கூச்சப்பட இடமே இல்லை. உங்கள் கம்பெனி குறு அல்லது சிறு நிறுவனமாக அரசின் உத்யம் பதிவு பெற்றிருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதற்கான அரசு இணையதளத்தில் புகாரும் பதியலாம். 2023-24 நிதியாண்டு முதல், இப்படித் தாமதித்த தொகையைப் பணம் கொடுக்கும் வரை செலவாகக் காட்டி வரிக் கழிவு பெற முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் விதி வந்துவிட்டது. உங்கள் வியாபாரியின் ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். முதல் அழைப்பிலேயே சட்டம் பேச வேண்டியதில்லை. பில் எண், தேதி, தொகை மூன்றையும் சொல்லி, "இந்த வெள்ளிக்கிழமைக்குள் எவ்வளவு அனுப்புகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "தப்பாக நினைக்காதீர்கள்" என்ற சொல்லை அதில் சேர்க்காதீர்கள். நீங்கள் கேட்பது உங்கள் ஆட்கள் தைத்துக் கொடுத்த துணியின் விலை.

ஏற்றுமதியாளர் சங்கக் கூட்டங்களுக்கு மேனேஜரை அனுப்பிவந்தால், அதை நிறுத்திவிட்டு நீங்களே போங்கள். உங்களைப் போல் பொறுப்பில் இருக்கும் பெண்கள் மூன்று நான்கு பேரோடு மாதம் ஒருமுறை சந்திக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மனக்குறைகளை மட்டும் பேசும் சந்திப்பாக அது ஆகிவிடக் கூடாது. காஸ்டிங், வங்கி வரம்பு, ஆள் பற்றாக்குறை எல்லாம் பேச வேண்டும். தன்னைப் போன்ற ஒருத்தி அதைச் செய்வதைப் பார்ப்பதற்கு, நான் எழுதும் பத்துக் கடிதங்களைவிடப் பலம் அதிகம். வீட்டைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை; அதனால் நானும் ஊகிக்கவில்லை. ஆனால் கம்பெனி முடிந்து வீட்டுக்குப் போனதும் "தாமதமாகிவிட்டது" என்று மன்னிப்புக் கேட்பதுபோல அடுப்படிக்குள் ஓடும் வழக்கம் இருந்தால், யார் என்ன வேலை செய்வது என்று வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரவில் கண் விழித்தபடி கிடப்பது வாரக்கணக்கில் நீடித்தாலோ, படபடப்பும் பசியின்மையும் சேர்ந்தாலோ, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ, மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அதுவரை, மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தூக்கம் கெட்ட உடல், சாதாரணக் கேள்வியையும் ஆபத்தாகப் பார்க்கும். மறுநாள் காலையில் பையர் முன்னால் உட்காரும்போது அந்த நடுக்கத்தைத் திறமைக்குறைவு என்று நீங்கள் படித்துக்கொள்வீர்கள்.

தகுதியானவள்தானா என்று கேட்டீர்கள். கடனைக் குறைத்து, புதிய பையர்களைச் சேர்த்து, நூல் விலை ஆட்டிய ஆண்டையும் தாண்டி 120 பேர் வேலை செய்யும் கம்பெனியை நடத்திக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இந்த விவரங்களோடு ஓர் ஆண் எனக்கு எழுதியிருந்தால் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே மாட்டார். ஆம், தகுதியானவர்தான். ஆடிட்டரிடம் இந்த வாரமே நேரம் கேளுங்கள். அந்த வியாபாரிக்கு நாளை காலை பத்து மணிக்குப் போன் செய்யுங்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் உங்கள் பெயர் ஏறியதும் எனக்கு எழுதுங்கள். அப்பா என்ன கதை சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்